வீட்டிலிருந்தே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: கைபேசி, ஆக்ஸிமீட்டர், வீடியோ அழைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்கே சொல்லப்படும் எண்கள் பொதுவானவை. உங்கள் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உங்களுக்கென்று வேறு எல்லைகளைக் குறித்துக் கொடுத்திருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

இன்ஹேலரும் மாத்திரையும் இருக்கும்போது பயிற்சி எதற்கு?

இன்ஹேலர் மூச்சுக்குழாயைத் தளர்த்தித் தருகிறது. ஆனால் மூச்சு வாங்குமே என்ற அச்சத்தில் நடையைக் குறைத்து, படியேறுவதை விட்டுவிட்டு, கடைசியில் குளிக்கவும் சட்டை மாற்றவும்கூடத் தயங்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவரின் இளைத்துப்போன தொடைத் தசைகளை எந்த இன்ஹேலராலும் மீட்டுத் தர முடியாது. இளைத்த தசை சிறிய வேலைக்கே களைத்துப்போய்க் கூடுதல் மூச்சைக் கேட்கிறது. மூச்சு முட்டுவதால் நடை மேலும் குறைகிறது. நடை குறையக் குறையத் தசை இன்னும் இளைக்கிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் மறுவாழ்வுப் பயிற்சியின் வேலை.

வழக்கமாக 6 முதல் 12 வாரங்கள் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்கள், கண்காணிப்புடன் இது நடக்கும். நடை அல்லது சைக்கிள் பயிற்சி, கை கால் தசைகளுக்கான பயிற்சி, மூச்சை ஆளும் முறைகள், இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துதல், உணவு, நோய் திடீரென்று தீவிரமாவதை முன்கூட்டியே அறிதல் ஆகியவை இதில் அடங்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 65 சோதனைகளையும் 3822 நோயாளிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மறுவாழ்வுப் பயிற்சியை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புதிய சோதனைகள் இனித் தேவையில்லை என்று சொல்லும் அளவுக்குப் பலன் தெளிவாக இருந்தது. ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் எண்கள் பெரிதாக மாறுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாறுவது நடக்கக்கூடிய தூரமும், மூச்சுத்திணறலின் கடுமையும், அன்றாட வாழ்வின் தரமும்தான்.

அப்படியானால் அதை மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாமே? கைபேசி எதற்கு?

செய்துகொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர் சிஓபிடியோடு வாழ்ந்தார்கள். முறையான நுரையீரல் மறுவாழ்வு மையங்களோ பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன. பேருந்து நிலையம் வரை நடப்பதற்கே மூன்று இடங்களில் உட்கார வேண்டியிருக்கும் ஒருவரை, கூடவே ஒரு துணையாளையும் சேர்த்து, வாரத்துக்கு இரண்டு முறை நகரத்துக்கு வரச் சொல்வது சிகிச்சையை மறுப்பதற்குச் சமம். தொலைவு, செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பலரை இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கின்றன. அந்த இடைவெளியை ஓரளவேனும் அடைப்பதற்காகத்தான் தொலைபேசியும் வீடியோ அழைப்பும் செயலிகளும் இதற்குள் வந்தன.

நேரில் செய்யும் பயிற்சிக்கு ஈடான பலன் கிடைக்குமா?

சரியாக நடத்தப்பட்டால் கிடைக்கும் என்றே இதுவரையிலான சான்றுகள் சொல்கின்றன. தொலைவிலிருந்து நடத்தப்படும் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிக் காக்ரேன் 2021இல் வெளியிட்ட தொகுப்பில் 15 ஆய்வுகளும் 1904 பேரும் இடம்பெற்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிஓபிடி நோயாளிகள். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் நேரில் வந்தவர்களுக்கும் தொலைவிலிருந்து பயின்றவர்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் பயிற்சியை முழுமையாக முடித்தவர்கள் தொலைவிலிருந்து பயின்றோரில் 93 சதவீதமாகவும், நேரில் வந்தோரில் 70 சதவீதமாகவும் இருந்தார்கள். அமெரிக்க மார்பு நோய் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நோயாளிக்குத் தர வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு, இவற்றிலேயே மிக எளிமையான ஒன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்து 2017இல் வெளியான அந்தச் சோதனையில் 166 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்கு வந்து பயின்றார்கள். இன்னொரு பிரிவினரின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை போனார். அதன் பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பாக ஏழு அழைப்புகள், அவ்வளவுதான். செயலி, கேமரா எதுவும் இல்லை. எட்டு வார முடிவில் நடைத் தூரத்தில் வீட்டுப் பிரிவினர் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. பயிற்சியை முடித்தவர்கள் வீட்டுப் பிரிவில் 91 சதவீதம், மருத்துவமனைப் பிரிவில் 49 சதவீதம்.

பலனைத் தருவது பயிற்சியும், வாரந்தோறும் தவறாமல் அழைத்து விசாரிக்கும் ஒரு மனிதரும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது. கருவி வாங்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்தக் கருவியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதைத்தான். மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலிலும் நம் வீடுகளின் அமைப்பிலும் அவற்றை அப்படியே பொருத்திவிடாமல், சூழலுக்கேற்ப மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டிலிருந்தே எல்லோரும் தொடங்கலாமா?

கூடாது. கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றி விழுபவர்கள், சிறிது நடந்தாலே ஆக்சிஜன் அளவு வெகுவாகக் குறைபவர்கள் ஆகியோருக்கு முதலில் நேரடிக் கண்காணிப்பு தேவை. நோய் தீவிரமாகி மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியவர்களுக்குப் பயிற்சி மிகவும் பயன்தரும் என்றாலும், அவர்களும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் என்னென்ன அளவிடப்படும்?

முதல் மதிப்பீடாவது நேரில் நடப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 30 மீட்டர் நீளமுள்ள சமதளப் பாதையில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறிப்பார்கள். பயிற்சிக்குப் பிறகு இந்தத் தூரம் 30 மீட்டர் அளவுக்குக் கூடினால் அது நோயாளியே உணரக்கூடிய முன்னேற்றமாகக் கொள்ளப்படுகிறது. இருமல், சளி, தூக்கம், வீட்டு வேலை முதலியவை பற்றிய எட்டுக் கேள்விகளைக் கொண்ட ‘கேட்’ வினாத்தாளும் உண்டு. அதில் மொத்த மதிப்பெண் 40. மதிப்பெண் குறைவாக இருந்தால் நலம் என்று பொருள்.

இந்த நடைச் சோதனை வெறும் பதிவேட்டுக்காகச் செய்யப்படுவதில்லை. உங்கள் தினசரி நடையின் வேகமே இதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஒருவர் ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடந்தார் என்றால் அவருடைய வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். பயிற்சியை அதில் 80 சதவீத வேகத்தில் தொடங்குவது வழக்கம். அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர், 15 நிமிடத்துக்கு 600 மீட்டர். வீட்டு மொட்டை மாடி 10 மீட்டர் நீளம் இருந்தால், 15 நிமிடத்தில் போய்த் திரும்புவதாக 30 முறை. “தினமும் கொஞ்சம் நடங்க” என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதற்கும், இப்படிக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கும் இடையில்தான் சிகிச்சை இருக்கிறது.

நேரில் வரவே முடியாதவர்களுக்கு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கை ஊன்றாமல் எழுந்து உட்கார முடிகிறது என்று வீடியோ அழைப்பிலேயே எண்ணிப் பார்க்கலாம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரும் அருகில் இன்னொருவரும் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

வீடியோ அழைப்பில் பயிற்சி எப்படித்தான் நடக்கும்?

முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் கைபேசியை நிறுத்தி வைப்பதிலேயே போய்விடும். அதற்காகப் பொறுமை இழக்க வேண்டாம். ஒரு முக்காலியின் மேல் எவர்சில்வர் செம்பை வைத்து, அதில் கைபேசியைச் சாய்த்து, நோயாளி உட்காரும் நாற்காலியும் அவருடைய பாதங்களும் முகமும் ஒருசேரத் தெரியும்படி செய்ய வேண்டும். முகம் மட்டும் தெரிந்தால் முழங்கால் தடுமாறுவது பயிற்சியாளருக்குத் தெரியாது. கால் மட்டும் தெரிந்தால் உதடு நிறம் மாறுவது தெரியாது. நாற்காலியின் பின்புறம் சுவரை ஒட்டி இருக்கட்டும். தரையில் பாய், மிதியடி, கம்பி எதுவும் இருக்கக்கூடாது. மருத்துவர் சொல்லியிருந்தால் பயிற்சிக்கு முன் எடுக்க வேண்டிய இன்ஹேலர் பஃப்பை எடுத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

பிறகு ஓய்வு நிலையில் ஆக்சிஜன், நாடித்துடிப்பு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். கை கால்களை மெல்ல அசைத்து உடலைச் சூடாக்கிய பின் நடை. அறைக்குள் நடக்க இடமில்லை என்றால் நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைத்தல். அதன் பின் உட்கார்ந்து எழுதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள் வரை தூக்குதல். இடையிடையே, “மூச்சு எவ்வளவு வாங்குது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க ஐயா” என்று கேட்பார்கள். பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத அளவு. பயிற்சியின்போது அது மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருப்பதே நோக்கம். மூச்சே வாங்காத அளவுக்கு மெதுவாக நடந்தால் தசைக்கு வேலை கிடைக்காது. பயிற்சியின்போது ஓரளவு மூச்சு வாங்குவது ஆபத்தல்ல என்பதைப் பயிற்சியாளரின் கண்ணெதிரே, எண்களைப் பார்த்துக்கொண்டே பழகுவதால்தான் பலருக்கு முதல்முறையாக அந்த அச்சம் தெளிகிறது.

மூச்சு மீறும்போது நாற்காலியில் முன்புறம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவது போல் உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விட வேண்டும். இழுப்பதைப் போல் இரு மடங்கு நேரம் விடுவதற்கு ஆகட்டும். இந்த ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே நன்றாகக் கற்றுக்கொண்டாலும் போதும்.

ஆக்ஸிமீட்டரில் 91 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

கொரோனா காலத்தில் “94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போங்கள்” என்று நாம் அனைவரும் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த எல்லை சிஓபிடி நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தாது. முற்றிய நோய் உள்ள பலருக்கு நலமாக இருக்கும் நாளிலேயே 90, 91 என்றுதான் காட்டும். எனவே உடல்நிலை சீராக இருக்கும் காலத்தில் உங்கள் வழக்கமான அளவு என்ன என்பதைச் சில நாட்கள் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எந்த எண்ணையும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். பயிற்சியின்போது 88க்குக் கீழே இறங்கினால் நிறுத்தி உட்கார்ந்து, உதடு குவித்து மூச்சு விட்டு, மீண்டும் ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

இங்கே குடும்பத்தினர் செய்யும் ஒரு தவறைக் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருப்பவர்கள், எண் 90 என்று காட்டியதும் அதை 98க்குக் கொண்டுவர வேண்டும் என்ற பாசத்தில் குமிழைத் திருப்பி லிட்டர் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, தலைவலி, மந்தம், மீறிய தூக்கம், மயக்கம் என்று போய்விடும். அதனால்தான் அத்தகைய நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை என்ற இலக்கை மருத்துவர்கள் வைக்கிறார்கள். குமிழை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கருவிக்கும் குறைகள் உண்டு. ஓரிரு புள்ளிகள் கூடக் குறையக் காட்டுவது இயல்பு. நகப்பூச்சு, அடர்ந்த கரிய மருதாணி, குளிர்ந்த விரல், கை அசைவு இவையெல்லாம் எண்ணைக் கெடுக்கும். கரிய நிறத் தோலில் உண்மையான அளவைவிட ஆக்ஸிமீட்டர் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. நம்மில் பலரின் தோல் நிறத்தை எண்ணிப் பார்த்தால் இது நாமும் கவனத்தில் வைக்க வேண்டிய செய்தி. ஆகவே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை பொறுத்துப் பாருங்கள். எண் நன்றாக இருந்து ஆளுக்கு மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால், ஆளை நம்புங்கள்.

எப்போது பயிற்சியை விட்டுவிட்டு உடனே உதவி கேட்க வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், உதடோ நகமோ நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் வீடியோ அழைப்புக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

நடை எண்ணும் கடிகாரம் வாங்கலாமா?

ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள்; இதற்காகவே வாங்கத் தேவையில்லை. மெதுவாக நடப்பவர்களின் அடிகளை இந்தக் கருவிகள் தவறவிடுகின்றன. தள்ளுவண்டியோ ஊன்றுகோலோ பிடித்து நடந்தால் கையில் கட்டிய கடிகாரம் இன்னும் மோசமாகத் தவறும். கைபேசியிலேயே அடி எண்ணும் வசதி இருக்கிறது. அதை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் அடி என்ற பேச்சை மறந்துவிடுங்கள். சிஓபிடி உள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 1100 அடிகள் வரை கூடுவதே பொருளுள்ள முன்னேற்றமாக ஆய்வுகளில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. முதல் வாரச் சராசரியைப் பார்த்து, அதற்கு மேல் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. அம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது.

மெல்போர்ன் ஆய்வை மீண்டும் நினைவுபடுத்துகிறேன்: சாதாரணத் தொலைபேசியே போதுமானதாக இருந்தது. பட்டன் போனில் வாரம் ஒரு அழைப்பு, சுவரில் மாட்டிய நாள்காட்டியில் பயிற்சி செய்த நாளுக்கெல்லாம் ஒரு பேனாக் கோடு, இந்த இரண்டும் நன்றாகவே வேலை செய்யும்.

எழுத்து தெரியாதவருக்குத் தமிழ்ச் செயலியைவிட, பயிற்சியாளர் அவர் பெயரைச் சொல்லி அவருடைய பேச்சு வழக்கிலேயே பேசி அனுப்பும் வாட்ஸ்அப் குரல்பதிவு பல மடங்கு பயன்படும். கைபேசி மகனிடமோ பேரனிடமோ இருக்கும் வீடுகளில் அழைப்பு நேரத்தை அவர்கள் வேலைக்கோ பள்ளிக்கோ போகும் முன் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் குறிப்பாகப் பெண்களை எண்ணிச் சொல்கிறேன். புகையே பிடிக்காமல், பல்லாண்டு விறகடுப்புப் புகையில் வெந்து நுரையீரலைப் பறிகொடுத்த பெண்கள் நம் கிராமங்களில் ஏராளம். வீட்டில் சொந்தக் கைபேசி இல்லாதவர்களும் பெரும்பாலும் அவர்களே. “வீட்டு வேலை செய்யறாங்களே, அதுவே பயிற்சிதானே” என்று சொல்லி அவர்களுக்குப் பயிற்சி மறுக்கப்படுகிறது. வீட்டு வேலை களைப்பைத் தரும். அளவிட்டுப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சிக்கு அது ஈடாகாது.

இன்ஹேலரைச் சரியாகத்தான் எடுக்கிறேனா என்று கைபேசி மூலம் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். செலவே இல்லாமல் மிகுந்த பலன் தரும் பயன்பாடு இதுதான். நீங்கள் இன்ஹேலர் எடுப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லி, உங்கள் மருத்துவருக்கோ பிசியோதெரபிஸ்டுக்கோ அனுப்புங்கள். பொடி மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலர் பயன்படுத்துபவர்கள் உள்ளே போட்ட மாத்திரை உடைந்ததா என்று பார்க்காமலேயே இழுப்பதும், கருவிக்குள்ளேயே மூச்சை விட்டு மருந்துப் பொடியை ஈரமாக்குவதும், வேகமாக இழுக்க வேண்டியதை மெல்ல உறிஞ்சுவதும் உண்டு. அழுத்தும் பஃப் வகையில் இதற்கு நேர்மாறு. அதை மெதுவாக, ஆழமாக இழுத்து, ஏறக்குறைய பத்து விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். ஸ்பேசர் (பஃப்போடு பொருத்தும் குடுவை) இருந்தால் அதனோடுதான் எடுக்க வேண்டும். வருடக்கணக்காகத் தவறாக எடுத்துவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்று நினைப்பவர்களின் தவறு அரை நிமிட வீடியோவில் தெரிந்துவிடும்.

தினமும் அளவுகளைப் பதிவேற்றிக்கொண்டே இருந்தால் மருத்துவமனைச் சேர்க்கையைத் தவிர்க்கலாமா?

அப்படி விளம்பரப்படுத்தப்படும் சேவைகளை நிதானமாக அணுகுங்கள். ஸ்காட்லாந்தில் 256 சிஓபிடி நோயாளிகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான சோதனையில், தினமும் அறிகுறிகளையும் ஆக்சிஜன் அளவையும் தொடுதிரை வழியே அனுப்பியவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கை தள்ளிப்போகவில்லை. இரு பிரிவினருக்குமே நல்ல மருத்துவக் கவனிப்பு கிடைத்த சூழலில், எண்களை அனுப்புவது மட்டும் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை.

அதைவிட, சளியின் அளவு கூடுகிறதா, நிறம் மஞ்சள் அல்லது பச்சையாக மாறுகிறதா, வழக்கத்தைவிட மூச்சு வாங்குகிறதா என்பதை நீங்களே கவனித்து, அப்படி நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும், எந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் திட்டத்தைக் கைபேசியில் படமாக வைத்திருப்பது நடைமுறைக்கு உகந்தது.

எந்தச் செயலியை இறக்கிக்கொள்வது?

பெயர் சொல்லிப் பரிந்துரைக்க விரும்பவில்லை. பிரிட்டனில் புகழ்பெற்றவை உண்டு. அவை அந்நாட்டுச் சுகாதாரச் சேவையோடு இணைந்தவை, நமக்குப் பொருந்துவது கடினம். எந்தச் செயலியாக இருந்தாலும், உங்கள் பயிற்சியாளர் அதில் உங்கள் பதிவுகளைப் பார்க்கிறாரா, தமிழில் இருக்கிறதா, எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, இணையம் இல்லாதபோதும் இயங்குகிறதா என்று பாருங்கள். கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவு சொல்வதாகக் கூறும் செயலிகளை நம்பாதீர்கள். உடல்நலத் தகவலைத் தருவதற்கு முன் அது யாரிடம் போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்குகிறது.

மறுவாழ்வுக்கென்று அல்லாத ஒன்றைச் சொல்வதானால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி அளவீட்டு நிலையம் உள்ள நகரங்களின் காற்றுத் தரத்தைக் காட்டும். தீபாவளியன்றும் போகி விடியலிலும் மாடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்குச் செயலி தேவையில்லை. மற்ற நாட்களில் அது உதவும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடு பயிற்சி செய்யலாமா?

செய்யலாம். நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுக்கச் சொல்லப்பட்டவர்கள் பயிற்சி நேரத்திலும் அதைக் கழற்றத் தேவையில்லை. நீளமான குழாய் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கான லிட்டர் அளவை மருத்துவர் தனியாகக் குறித்துத் தருவார். பூஜை விளக்கு, சாம்பிராணி, அடுப்பு, பீடி எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

எனக்கு சிஓபிடி இல்லை. காசநோய் குணமான பிறகும் மூச்சு வாங்குகிறது. இது எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். காசநோய் விட்டுச் சென்ற தழும்புகள், நுரையீரல் நார்மயமாதல் (நுரையீரல் தடித்து இறுகிப்போவது), மூச்சுக்குழாய் விரிவு நோய் ஆகியவற்றுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. நார்மயமாதல் உள்ளவர்களுக்கு நடக்கும்போது ஆக்சிஜன் விரைவாக இறங்கும் என்பதால் அவர்களுக்குக் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்குவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி செய்து நோயை உறுதிப்படுத்திக்கொண்டு, அங்கேயே பிசியோதெரபி பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். கேட்காமல் பெரும்பாலும் தரப்படுவதில்லை என்பதால், “நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு எழுதித் தாருங்கள்” என்று வாய்திறந்து கேட்பது அவசியம். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அடக்கம். வெளியே வர முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றி விசாரிக்கலாம். மத்திய அரசின் ‘இ சஞ்சீவனி’ வழியாக மருத்துவரிடம் இலவசமாக வீடியோவில் ஆலோசனை பெறலாம். அது ஆலோசனைக்கு மட்டுமே, தொடர் பயிற்சிக்கு உரியதல்ல. எந்த வழியாக வந்தாலும் முதல் பேச்சிலேயே, வாரம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் அழைப்பார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு இடம் தேடுவது நல்லது.

எட்டு வாரம் முடிந்த பிறகு நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் பெற்றது கரைந்துவிடும். மெல்போர்ன் ஆய்விலேயே பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு இரண்டு பிரிவினரும் பலனைத் தக்கவைத்திருக்கவில்லை. மாறாக, நார்வே, டென்மார்க், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 120 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான சோதனையில், வீட்டிலேயே டிரெட்மில்லில் பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் மருத்துவமனையையும் அவசரப் பிரிவையும் நாட வேண்டி வந்தது குறைந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு டேப்லெட்டும் வீடியோ கண்காணிப்பும் இருந்தன; இன்னொரு பிரிவினருக்கு டிரெட்மில்லும் குறிப்பேடும் மட்டுமே இருந்தன. இரு பிரிவினருக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே.

டிரெட்மில் இல்லாத வீட்டில் மாடியோ, தெருவோ, கோயில் பிரகாரமோ போதும். வாரத்துக்கு மூன்று நாட்களுக்குக் குறையாமல் நடையையும், இரண்டு நாட்கள் தசைப் பயிற்சியையும் தொடருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பயிற்சியாளரை அழைத்து, அவர் பார்க்கும்போதே ஒரு நிமிட உட்கார்ந்து எழும் சோதனையைச் செய்து எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். மூன்று எண்ணிக்கை குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். இடையில் சளி பிடித்து நோய் தீவிரமாகிப் பயிற்சி நின்றுபோனால், பழைய தூரத்தை முதல் நாளே எட்ட முயலாமல், மருத்துவர் அனுமதித்ததும் பயிற்சியாளரை அழைத்துப் புதிதாக அளந்து, சிறிய தூரத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.